கழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை

கமலாவின் முடி கொட்டுவதை முதலில் கண்டுபிடித்தவன் வாசு. அப்போது அவனுக்கு ஐந்து மாதம். அவள் தோளில் கிடந்தபடி பின்னலைப் பிடித்து இழுத்தான். கை திரும்பி வந்தபோது அதில் ஒரு கொத்து முடி இருந்தது. அதை வாயில் வைக்கப் போனான். நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். கமலா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வலிக்கவே இல்லை.

வாசு என் மகன். அவன் பிறந்த அன்று என் மனைவி ரமணி இறந்தாள். 1986 பிப்ரவரி. அதன் பிறகு அவனை வளர்த்தவள் ரமணியின் தங்கை கமலாதேவி. நான் கோல சிலாங்கூரில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இரசாயனம் கற்பித்துக்கொண்டு வாடகை அறையில் இருந்தேன். என் மாமனார் பொன்னம்பலம் பத்தாங் பெர்ஜுந்தை சாலையில் கிளென்மோர் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். தோட்ட அலுவலகத்துக்குப் பின்னால் அவர்கள் வீடு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே போவேன். குழந்தையைத் தூக்குவேன். சாப்பிடுவேன். ஞாயிறு மாலை திரும்புவேன். அந்த வருடம் நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

கமலாவுக்கு 1983இல் கழுத்தில் அறுவை நடந்திருந்தது. தைராய்டு சுரப்பி வீங்கி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் சுரப்பியை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் இரண்டு சிறிய வெள்ளை மாத்திரைகள். ரமணி இறந்த குழப்பத்தில் கமலா இரண்டு தவணை கிளினிக்குக்குப் போகவில்லை; மாத்திரையும் பல நாள் விட்டுப்போனது. யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அந்தச் சமயத்தில்தான் முடி கொட்ட ஆரம்பித்தது.

ஆகஸ்டில் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆனந்தராஜா, ஈப்போவில் எஞ்சினியர். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் இந்த நாட்டில் கொஞ்சம் பேர்தான். ஒரு வீட்டில் தும்மினால் மூன்று ஊருக்குக் கேட்கும். மாமி முடிவாகச் சொன்னார்.

"ஒப்பரேஷன் கதை இப்ப ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். கலியாணம் முடியட்டும். பிறகு அவளே சொல்லுவாள்."

அறுவைத் தழும்பு கழுத்தின் அடியில் மெல்லிய கோடாக இருந்தது. ரமணியின் அட்டியலை எடுத்துக் கமலாவின் கழுத்தில் போட்டார் மாமி. கோடு மறைந்தது. ஆனால் தலையை மறைக்க நகை இல்லை. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியம்மா கமலாவின் வகிட்டைப் பார்த்துவிட்டார்.

"தலைமயிர் கொட்டுதெண்டால் எங்கடை இவரிட்டை ஒருக்காக் காட்டுங்கோவன். ரவாங்கிலை ஒரு டீச்சருக்கு மொட்டையாப் போன தலை, இவற்றை மருந்திலை திரும்ப முளைச்சது."

'இவர்' என்றது அவருடைய கணவர் உமாபதியை. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுங்கை சோவில் வீடு. ஹோமியோபதி வைத்தியம் செய்தார். யாரிடமும் காசு வாங்குவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டுச் சொன்ன வைத்தியத்தை மறுத்தால் காரணம் கேட்பார்கள். அதனால் போனோம்.

போவதற்கு முந்திய வாரம் ஒன்று நடந்தது. வீட்டு வேலைக்குத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து தாயம்மா வருவாள். நாற்பது வயது இருக்கும். வாயை மூட மாட்டாள். நான் வாசுவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கமலா பக்கத்தில் துணி மடித்தாள்.

"என்னாத்துக்கு ஈப்போவுல போயி மாப்பள தேடுறாங்கன்னு தெரியல," என்றாள் தாயம்மா. "கையில புள்ளயோட இங்கயே ஒருத்தரு குந்தியிருக்காரு. நீங்களே கட்டிக்கிங்களேன் சார். பஸ் செலவாச்சும் மிச்சம்லா."

கமலா துணியை வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை மட்டும் பார்த்தார். அன்று முதல் அந்தச் சம்பந்தத்தைப் பற்றி நான் எது சொன்னாலும் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை என் பழைய காரில் கமலாவையும் மாமியையும் சுங்கை சோவுக்கு அழைத்துப் போனேன்.

உமாபதி ஒல்லியான மனிதர். சட்டையின் மேல் பொத்தானையும் போட்டிருந்தார். கேள்விகளை ஒன்றரை மணி நேரம் கேட்டார். நான் மூலையில் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"பிள்ளை, தாகம் எப்படி?"

"அவ்வளவு இல்லை."

"உப்பு ருசி பிடிக்குமோ, இனிப்போ?"

"உப்பு. மாங்காய்க்கு உப்புப் போட்டு."

"இடி மின்னலுக்குப் பயமோ? கனவிலை கள்ளன் வாறவனோ?"

கமலா சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "கள்ளன் வரேல்லை. வீடு பூட்டாமல் கிடக்கிற மாதிரி வரும்."

"ஆரும் பக்கத்திலை வந்து ஆறுதல் சொன்னால்?"

"எரிச்சல் வரும்."

"அழுகிறது எங்கை வைச்சு?"

"குளிக்கேக்குள்ளை."

அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு அதே குரலில் கேட்டார். "முந்தி ஏதும் பெரிய வருத்தம், ஒப்பரேஷன்?"

"ஒண்டுமில்லை," என்றார் மாமி. "சின்னனிலை ஒருக்கா அம்மை போட்ட வருத்தம். அவ்வளவுதான்."

"இப்ப ஏதும் இங்கிலிஷ் மருந்து, குளிசை?"

"இல்லை."

கமலாவின் கை அட்டியலுக்குப் போய்த் திரும்பியது. உமாபதி ஏனோ என் பக்கம் திரும்பினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து.

அவர் கொடுத்த மருந்தின் பெயர் நேட்ரம் மூர். அடக்கி வைத்த துக்கத்துக்கு அதுதான் என்றார். எனக்கு அது என்னவென்று தெரியும். கறியுப்பு. அதைத் திரும்பத் திரும்ப நீர்த்து, சீனி உருண்டையில் ஊறவைத்தது.

"உமக்கும் இதையே குடுக்கலாம்," என்றார் என்னிடம். "பார்த்தாலே தெரியுது."

பிறகு விதிகளைச் சொன்னார். கோப்பி கூடாது. பச்சை வெங்காயம் கூடாது. தைலம் கூடாது. கற்பூர வாசனை வீட்டுக்குள் வரவே கூடாது, மருந்தை முறித்துவிடும். தொடக்கத்தில் கொஞ்சம் கூடுவது போலத் தெரியும், பயப்பட வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை தலை சீவும்போது வருகிற முடியைப் பொட்டலமாகக் கட்டிச் சனிக்கிழமை கொண்டுவர வேண்டும். அவர் அதைப் பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்வார்.

திரும்பும் வழியில் பத்தாங் பெர்ஜுந்தை வரும் வரை மாமி யோசித்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்.

"கோப்பியே மருந்தை முறிக்குமெண்டால் ஆஸ்பத்திரிக் குளிசை முறிக்காதோ?"

"அதை நிப்பாட்டக் கூடாது மாமி."

"நிப்பாட்டாமல்? அவரிட்டைப் போய்க் கேக்கேலுமோ? குளிசை எடுக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டமே."

"சொல்லலாம். போன் எடுத்துச் சொல்லலாம்."

"ஏன் தம்பி," என்றார் மாமி. சத்தமாகச் சொல்லவில்லை. "உங்களுக்கு இந்தச் சம்பந்தத்திலை மனமில்லையோ?"

நான் கண்ணாடியில் பார்த்தேன். கமலா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் போய்க்கொண்டிருந்தன. அன்று மாலை மாத்திரைப் போத்தல் அலமாரிக்குள் போயிற்று. மாமி பூட்டினார். கமலாவும் தடுக்கவில்லை. மூன்று வருடமாகக் காலையில் விழித்ததும் நோயாளியாக விழித்தவள் அவள். ஒருவர் வந்து, நீ நோயாளி இல்லை, துக்கம்தான் என்றால் யாருக்குத்தான் நம்பப் பிடிக்காது?

வீட்டில் கற்பூரம் நின்றது. வெள்ளிக்கிழமை மாமி சாமிக்கு வெறும் நெய்விளக்கு மட்டும் காட்டினார். ஊதுபத்தியும் இல்லை.

"சாமிக்கே பத்தியம் போட்டுட்டாங்கலா இந்தம்மா," என்றாள் தாயம்மா.

அக்டோபரில் ஒன்றும் தெரியவில்லை. நான்கைந்து வாரம் கமலா நன்றாகவே இருந்தாள். பொட்டலம் ஒவ்வொரு வாரமும் சிறியதானது. முதல் வாரம் ஒரு கைப்பிடி. ஐந்தாம் வாரம் ஒரு சுருள். உமாபதி பொட்டலத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். அவருக்கும் சந்தோஷம். ரமணி இறந்த பிறகு மாமி ஒரு நேரம் கஞ்சி மட்டும் குடித்துவந்தார். நவம்பரில் மீன் குழம்பு வைத்துச் சோறு சாப்பிட்டார். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் மட்டும் கமலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குரல். தடித்துப்போய், தொண்டைக்குள் துணி வைத்தது போல வந்தது. பிறகு முகம். காலையில் கண் இமைகள் ஊதியிருக்கும். மாமி அதைச் சதை பிடித்திருக்கிறது என்றார். பிறகு குளிர். மத்தியான வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வாசுவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் வியர்த்து அழுவான். புருவத்தின் வெளிப்பக்கம் முடி இல்லை. அதைப் பொட்டலத்தில் யாரும் கேட்கவில்லை.

ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்கு நேரம் எடுத்தது. அந்த இடைவெளி ஒவ்வொரு வாரமும் நீண்டது. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். நவம்பர் முதல் வாரம் மூன்று எண்ணுவதற்குள் பதில் வந்தது. மாதக் கடைசியில் ஏழு.

டிசம்பர் முதல் சனிக்கிழமை தாயம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அன்று அவள் முகத்தில் கேலி இல்லை.

"சார், ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இந்த வாழ மரத்தடியில கோழி கெளறிச்சு. வந்து பாருங்க."

மண்ணுக்குள் முடி. நாலைந்து இடத்தில். கந்தையில் சுற்றிப் புதைத்தது. கோழி இழுத்ததில் ஒரு பந்து வெளியே வந்து கிடந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்தால்தான் அடங்கும்.

"நான் செய்வினைன்னு நெனச்சு ரெண்டு நாளா தூங்கல," என்றாள். "நேத்து பாத்தா கமலாக்காவே வந்து பொதைக்குது. சீவுற முடிய முக்காவாசி இங்க போட்டுட்டு மிச்சத்தப் பொட்டலம் கட்டுது. எதுக்கு சார் அப்படி?"

கமலா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"வாழைமரத்தடியைப் பார்த்தன்," என்றேன்.

ஒன்பது எண்ணினேன்.

"அம்மா இப்பதான் அத்தான் சாப்பிடுறா," என்றாள். "அவவிட்டைச் சொல்லாதேங்கோ. பயப்பிடுவா."

நானும் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

அதே சொற்களை நான் முன்பு ஒருமுறை கேட்டிருந்தேன். ரமணி சொன்னாள். பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்பு அவளுக்குத் தலை பிளந்தது. கண்ணுக்குள் பொறி பறக்கிறது என்றாள். அம்மாவிடம் சொல்லாதேங்கோ, பயப்பிடுவா என்றாள். நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு வலிப்பு வந்தது. கிள்ளானுக்குக் கொண்டுபோகும் வழியில், காப்பார் தாண்டுவதற்குள், என் காரின் பின் இருக்கையில் போய்விட்டாள். காப்பார் கிளினிக்கில் குழந்தையை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். அந்த இரண்டு நாளைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இவ்வளவும் தெரிந்தவன் அன்று என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்தது இது. "குளிசையை மட்டும் திரும்பத் தொடங்கும்," என்றேன் கமலாவிடம். சரி என்றாள். அலமாரித் திறப்பு மாமியின் இடுப்பில் இருந்தது. நான் அதைக் கேட்கவில்லை. ஞாயிறு மாலை கோல சிலாங்கூருக்குத் திரும்பினேன். அடுத்த ஐந்து நாளும் வகுப்பில் கரும்பலகை பக்கம் திரும்பும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து செய்தி சொல்லப் போகிறார் என்று தோன்றியது. பியூன் வாசலில் வந்து நின்றாலே சாக்குக்கட்டி கையில் உடைந்தது.

சனிக்கிழமை மழை. காம்போங் குவாந்தான் முனையில் ரோட்டில் தண்ணீர் நின்றது. தோட்டத்துக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது. காரை நிறுத்தும்போதே வாசு அழுவது கேட்டது. பசி அழுகை இல்லை. ரொம்ப நேரம் அழுது ஓய்ந்து, திரும்பத் தொடங்குகிற அழுகை.

கூடத்தில் அவன் தரையில் கிடந்தான். பால் போத்தல் பக்கத்தில் கொட்டிக் கிடந்தது. கமலா நாற்காலியில் உட்கார்ந்தபடி இருந்தாள். ஒரு கை போத்தலைப் பிடித்த மாதிரியே மடியில் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"கமலா."

எண்ணினேன். இருபதில் நிறுத்தினேன்.

அவள் கையைத் தொட்டேன். அந்தக் குளிரை என் கை அறியும். நெற்றியைத் தொட்டேன். அதுவும் அப்படியே. மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு இருந்தது. அடுத்தது வருவதற்குள் நான் பயத்தில் வேர்த்துவிட்டேன்.

மாமி சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "காலமை முழுக்க நித்திரை. ஒரு கிழமையாத் தடிமன், மூக்கடைப்பு. தூங்கட்டுமெண்டு விட்டன். பிள்ளையை வைச்சிருந்தாளெல்லோ?"

"மாமி, இது நித்திரை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்."

"தம்பி, முதல்லை கூடித்தான் குறையுமெண்டு அவர் சொன்னவர்..."

"பதினொரு கிழமை ஆச்சு மாமி."

"அந்த ரோட்டிலை இன்னொருக்கா நான் வரமாட்டன்." அவர் கமலாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "ஒண்டைக் கொண்டு போனனாங்கள். என்னத்தைத் திரும்பக் கொண்டு வந்தனாங்கள்? அவரைக் கேளுங்கோ. அவர் சொன்னால் வாறன்."

தாயம்மா வந்து வாசுவைத் தூக்கினாள். நான் மழையில் அலுவலகத்துக்கு ஓடினேன். தோட்டத்தில் தொலைபேசி அங்கே மட்டும்தான். மாமா மேசையில் தொழிலாளர் வருகைப் பதிவான செக்ரோலை எழுதிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கேட்காமல் போனை எடுத்தேன். சுங்கை சோ எண்ணைச் சுழற்றினேன். விரல் இரண்டு முறை வழுக்கியது.

"உமாபதி," என்றது குரல்.

"நான் பொன்னம்பலத்தின்ரை மருமகன். கமலாவைப் பற்றி ஒண்டு சொல்லேல்லை." மாமா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அவவுக்குத் தைராய்டு ஒப்பரேஷன் செய்தது. எண்பத்து மூண்டிலை. சுரப்பி இல்லை. அதுக்குத் தினம் குளிசை எடுக்க வேணும். உங்களிட்டை வந்த அண்டைக்கே அதை நிப்பாட்டினது."

தொடர்பு போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்களாத்தான்."

"நான் கேட்டனான். ஒண்டரை மணித்தியாலம் கேட்டனான். நீர் அந்த மூலையிலை இருந்தனீர்."

"ஓம்."

"மணிக்கூட்டைப் பார்த்தனீர்."

"ஓம்."

"படிச்ச மனிசன்," என்றார். கோபமா பயமா என்று தெரியவில்லை. "சுரப்பி இல்லாத பிள்ளைக்கு நான் துக்கத்துக்கு மருந்து குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறன். சரி. இப்ப எப்படி இருக்கிறா?"

சொன்னேன்.

"என்னட்டைக் கொண்டு வராதேயும். வழியிலை ஒரு டாக்குத்தரிட்டையும் நிக்காதேயும். நேரே கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரி. வாயிலை தண்ணிகூடக் குடுக்க வேண்டாம், புரைக்கேறும். அந்தக் குளிசைப் போத்தலைக் கையிலை கொண்டு போம். போம், போனை வையும்!"

வைத்தேன். மாமா எழுந்து நின்றிருந்தார். அவர் அலுவலகக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு எனக்கு முன்னால் மழையில் இறங்கினார். முப்பது வருடத்தில் அவர் அதைப் பூட்டாமல் போனது அன்றுதான் என்று பிறகு சொன்னார்கள்.

மாமியிடம், "அவர் போகச் சொல்லிட்டார்," என்றேன். "எல்லாம் சொல்லிட்டன் மாமி. ஒப்பரேஷன், குளிசை, எல்லாம்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தார். அது பூட்டில் ஏறவில்லை. தாயம்மா வாங்கித் திறந்தாள்.

கமலாவைப் பின் இருக்கையில் கிடத்தினோம். தலை மாமியின் மடியில். மாமா எனக்குப் பக்கத்தில். ஜெராம் வரை செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி முன்னால் மறித்துக்கொண்டே போனது. மழையில் அதன் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. நான் ஹாரனை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"மூச்சு இருக்கோ மாமி?"

"இருக்கு."

முந்தினேன். ஒரு மைல் போவேன். திரும்பவும் கேட்பேன்.

"இருக்கோ?"

"இருக்கு."

காப்பார் கடைத்தெரு வந்தது. நான் பத்து மாதமாக அந்த வழியே வந்ததில்லை. கிள்ளான் போக வேண்டுமானால் ஊரைச் சுற்றிப் போவேன். ஸ்டீரிங் என் கையில் இருந்தது. ஆனால் கை என்னுடையதாக இல்லை.

"இருக்கோ மாமி?"

பதில் இல்லை.

திரும்பிப் பார்க்கக் கூடாது. ரமணியோடு போன அன்று திரும்பிப் பார்த்தேன். அதனால்தான் அது நடந்தது என்பது போல ஒரு நம்பிக்கை. பார்க்காமல் இருந்தால் நடக்காது. கடைகள் போயின. பள்ளிவாசல் போனது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குள் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். முப்பது. முப்பத்தொன்று.

"மாமி!"

"இருக்கு, இருக்கு," என்றார் மாமி. "மழைச் சத்தத்திலை கேக்கேல்லை. காதை வைச்சுக் கேட்டுக்கொண்டிருந்தனான்."

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர். மலாய்க்காரர். கமலாவின் கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு அட்டியலை இரண்டு விரலால் மேலே தள்ளினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அறுவை எப்போது? தைராக்ஸின் எங்கே?" என்றார் ஆங்கிலத்தில்.

போத்தலைக் கொடுத்தேன். அவர் அதை ஆட்டிப் பார்த்தார். நிறைய இருந்தது. ஒட்டியிருந்த தேதியைப் படித்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அக்குளில் வைத்த தெர்மாமீட்டரை எடுத்து விளக்கில் பிடித்தார். பாதரசம் முதல் கோட்டுக்கே ஏறவில்லை. அதை உதறிவிட்டு இன்னொன்று வைத்தார். அதிலும் ஏறவில்லை.

மூக்கில் குழாய் விட்டார்கள். அதன் வழியே மருந்து. இன்று, நாளை, மறுநாள் தாண்ட வேண்டும் என்றார். பத்தில் ஐந்து பேர் தாண்டுவதில்லை என்றும் சொன்னார். அதை நான் மாமிக்கும் மாமாவுக்கும் அப்படியே சொன்னேன். ஐந்து என்ற எண்ணைக்கூட மாற்றவில்லை. மாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ரமணிக்கு அந்த இரண்டு நாளும் தலை வலித்ததையும், கண்ணில் பொறி பறந்ததையும் சொன்னேன். அந்த நேரத்தில் ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியாது. சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. மாமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மாமி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

நான்காம் நாள் கமலா கண் திறந்தாள். குழாயை எடுத்துவிட்டார்கள். ஈப்போவிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்று பகல் பார்வையாளர் நேரத்தில் நர்ஸ் ஒரு சிறு கிண்ணத்தில் மாத்திரை கொண்டுவந்து வைத்தாள். கமலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் முக்கால்வாசி போய், எஞ்சியது காதோரம் ஒட்டிக் கிடந்தது.

"அத்தான்," என்றாள். நான் பழக்கத்தில் எண்ணினேன். நாலில் வந்தது மிச்சம். "இனி ஒருநாளும் விடேலாதோ?"

மாமி கட்டிலின் மறுபக்கம் இருந்தார். கண்ணாலேயே என்னைக் கும்பிட்டார். கொஞ்சக் காலம்தான் என்று சொன்னால் போதும்.

"ஏலாது," என்றேன். "சாகுமட்டும் எடுக்க வேணும். விட்டால் இந்த முறை போல வரும். அடுத்த முறை நான் வந்து சேர முன்னம் முடிஞ்சிடும்."

"அடக் கடவுளே!" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து கால் உடைந்தவள். "என்னா சார் நீங்க, ஆஸ்பத்திரில ஒக்காந்துகிட்டு இப்படியா பேசுறது? நல்ல வார்த்த நாலு சொல்லுங்கலா. வாத்தியாருதானே? பரீட்ச பேப்பரு மாதிரியே பேசுறாரு."

கமலாவின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். கிண்ணத்தை எடுத்தாள். விழுங்கினாள். தொண்டையில் அது இறங்குவது தழும்புக்கு மேலே தெரிந்தது. மாமி அழுதுகொண்டே தண்ணீர்க் கோப்பையை அவளிடமிருந்து வாங்கினார்.

மணி அடித்தது. வெளியே வரும்போது நர்ஸிடம் கேட்டேன். நாளைக்கு மாத்திரை எத்தனை மணிக்கு?

"காலை ஆறரை. ஆனால் பார்வையாளர் நேரம் பன்னிரண்டரைக்குத்தான்."

மறுநாள் அவள் அதை விழுங்குவதைப் பார்க்க ஆறு மணிக்கே போய்விட்டேன். வார்டின் வெளிப்பக்கம், சாக்கடை ஓரமாக, கண்ணாடிப் பலகை ஜன்னலருகே நின்றேன். பலகைகளின் இடுக்கு வழியே கட்டில்கள் வரிசையாகத் தெரிந்தன. ஆறரைக்கு நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்றாவது கட்டிலில் நின்றாள். கமலாவுடையது ஒன்பதாவது. போர்வை அவள் முகம் வரை ஏறியிருந்தது. இங்கிருந்து பார்த்தால் அது அசைகிறதா என்று தெரியவில்லை.